அத்தியாயம் 7: உப்புக்காற்றில் கேஸ் அடுப்பு

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வீடு. வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருவும் கரையேற்றிய நாலு வள்ளங்களும்தான். அடுப்பு பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆச்சி சுடரைக் காட்டி, "பாருங்க தம்பி, தீ மஞ்சளாப் பூக்குது. பர்னர் மாத்தி ஆறு மாசம்கூட ஆவல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

குனிந்து பார்த்தேன். சுடரின் அடி நல்ல நீலம். அங்கங்கே ஆரஞ்சுப் பொறி தெறித்துத் தெறித்து மறைந்தது. சோற்றுப் பானையின் அடியைத் தடவினேன். விரலில் கரி இல்லை.

"பர்னர் நல்லாத்தான் இருக்கு ஆச்சி. எரியறது உப்பு."

அவர் நம்பவில்லை. பர்னரைக் கழற்றி, குடிதண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, கடலைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டுப் பற்றவைத்தேன். பொறி பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. "அப்போ அந்தக் கடைக்காரனை ஏசினது வீண் பழியா?" என்று சிரித்தார்.

உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் தீயில் பட்டால் மஞ்சளும் ஆரஞ்சுமாகத்தான் ஒளிரும். கடற்கரை வீட்டுச் சுடரில் பொறி பறப்பது அதனால்தான். பொறியால் கெடுதல் இல்லை. ஆனால் சுடரில் கண்ணுக்குத் தெரியும் அதே உப்பு, சிலிண்டரின் அடிவளையத்திலும் ரெகுலேட்டரின் உள்ளேயும் ஹோஸின் கம்பியிலும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. கம்பெனி அச்சிட்டுத் தரும் பாதுகாப்புத் தாள் மதுரைக்கும் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஒன்றேதான். நம் காற்று ஒன்றல்ல. அந்தத் தாளோடு நம் கரைக்கு எதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

உப்பு எப்போது விழிக்கிறது

காய்ந்த உப்பு இரும்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைகிறது. இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று விரிகிறது. துரு அதில்தான் தொடங்குகிறது. நம் ஊரில் இரவும் விடியலும் பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான் கழிகின்றன. பகலில் காய்ந்து, இரவில் நனைந்து, இரும்பு ஓய்வே இல்லாமல் அரிபடுகிறது.

இதை அளக்கக் கருவி வேண்டாம். அலமாரியிலுள்ள உப்பு ஜாடியைப் பாருங்கள். கல்லுப்பு கசிந்து ஜாடியின் அடியில் நீர் கோத்திருந்தால், உங்கள் சிலிண்டரின் அடியிலும் அதே வேலை நடக்கிறது என்று பொருள்.

காரைக்குடியில் 'சிக்ரி' என்று ஊரார் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அது தன் ஆய்வு நிலையங்களை மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் வைத்திருப்பது தற்செயலல்ல. இரும்பை அரிக்கும் கடற்காற்றைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் வந்து சேர்ந்த இடத்தில் நாம் தினமும் சமைக்கிறோம்.

கேஸின் குணம்

சமையல் கேஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அதற்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள்.

மனதில் பதிக்க வேண்டியது ஒன்று: இந்த வாயு காற்றைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் பரவும். நிலைப்படியில் தேங்கும். அங்கணக்குழிக்குள் இறங்கும். சமையலறையில் கசிந்த கேஸ் தரையோடு தவழ்ந்து, பக்கத்து அறையில் மாதா படத்துக்கு முன்னால் எரியும் மெழுகுவத்தியையோ சாமி விளக்கையோ தொடலாம். ஆகவே விளக்கும் மெழுகுவத்தியும் சமையலறையை ஒட்டிய தரையில் வேண்டாம், இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள்.

காற்றில் சுமார் 1.8 சதவீதம் கேஸ் கலந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரம் உள்ள ஒரு சமையலறையின் கொள்ளளவு சுமார் 20 கன மீட்டர். அந்த அறை முழுவதையும் ஆபத்து நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்கும் குறைவான கேஸ் போதும். அது தரையிலேயே தங்குவதால், காலடியில் ஆபத்து வர அதில் ஒரு பங்கே போதும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ.

சிலிண்டர் வாசலுக்கு வரும்போது

கொண்டுவருபவருக்கு அவசரம் இருக்கும். உங்களுக்கு இருக்கக் கூடாது. நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலில் எடை. சிலிண்டரின் கழுத்தைச் சுற்றியுள்ள பட்டைகளில் ஒன்றில் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டினால் வருவதே மொத்த எடை. 15.3 என்று எழுதியிருந்தால் தராசு 29.5 காட்ட வேண்டும். எடை குறைந்தால் கசிந்திருக்கலாம் என்றும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, சோதனைத் தவணை. பட்டையின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பி 28 என்றால் 2028 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தவணை தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, வால்வு. சீலை உடைத்து மூடியைக் கழற்றி, உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவுச் சோதனையைக் கொண்டுவந்தவரே செய்து காட்ட வேண்டும். நைலான் நூலில் தொங்கும் மூடியை அறுத்துப் போடாதீர்கள். என்றாவது ஒருநாள் கசியும் வால்வை அடைக்க அதுதான் கைக்கு வரும்.

நான்காவது நம் கரைக்கே உரியது: அடிவளையம். சிலிண்டரைச் சற்றுச் சாய்த்து, கீழ் வளையமும் உடலும் சேரும் பற்றுவைப்பு ஓரத்தைப் பாருங்கள். மேலோட்டமான செந்நிறத் துரு பரவாயில்லை. விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, குழிவிழுந்திருந்தாலோ வேறு சிலிண்டர் கேளுங்கள்.

வீட்டுக்குள் அதை நனைந்த தரையில் நிறுத்தாதீர்கள். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தாங்கி போதும். தரை கழுவும் நாளில் தள்ளி வைத்து, காய்ந்த பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள். போர் தண்ணீரால் தரை கழுவும் வீடுகளில் துரு சீக்கிரம் ஏறும், அந்தத் தண்ணீரே உவர்ப்பு. சிலிண்டர் நின்றபடிதான் இருக்க வேண்டும். கடைசிச் சொட்டுக்காகப் படுக்கவைப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் நம் தெருக்களில் இன்றும் நடக்கின்றன. படுக்கவைத்தால் வாயு வரவேண்டிய வழியில் திரவமே வந்து, சுடர் ஆளுயரம் எழும். கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒருமுறை துடையுங்கள். திரவம் இருக்கும் பகுதி தாமதமாகக் காயும்.

ரெகுலேட்டரும் ஹோஸும்

ரெகுலேட்டரின் வேலை, சிலிண்டரின் பெரிய அழுத்தத்தைச் சதுர செ.மீ.க்குச் சுமார் 30 கிராம் என்ற சிறிய அழுத்தமாகக் குறைத்துத் தருவது. அதன் உள்ளே சிறு குண்டுகளும் வில்லும் இருக்கின்றன. நம் ஊரில் இவை துருவேறிச் சிக்கிக்கொள்ளும். மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்காவிட்டால், அல்லது கழற்ற இரண்டு கை பலம் தேவைப்பட்டால், அதன் காலம் முடிந்தது. சுத்தியலால் தட்டியோ எண்ணெய் விட்டோ ஓட்டாதீர்கள். ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள். தெருக்கடையில் விற்கும் ரெகுலேட்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஹோஸ் என்பது ஆரஞ்சு நிறத்தில், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய 'சுரக்ஷா' வகையாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆண்டும் அதில் அச்சிட்டிருக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஆயுள் ஐந்து ஆண்டு என்பது பொதுவிதி. கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை: மூன்றாம் ஆண்டிலிருந்தே சந்தேகக் கண்ணோடு பாருங்கள். ரப்பர் மேல்தோலில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், உப்பு ஈரம் உள்ளே புகுந்து கம்பியை அரிக்கும். வெளியே பார்க்க ஹோஸ் நன்றாகவே இருக்கும். இரு முனைகளிலும் கையால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, முனை உப்பியிருந்தாலோ, கை பட்டால் பிசுபிசுத்தாலோ அன்றே மாற்றுங்கள்.

இன்னொரு எதிரி எலி. கருவாட்டுச் சாக்கு சமையலறையில் இருக்கும் வீட்டில் எலி வராமல் இராது. வந்த எலி கருவாட்டோடு நிற்பதில்லை. ஹோஸில் பல் தடம் பார்த்திருக்கிறேன். கருவாட்டை மூடிபோட்ட டப்பாவில், சிலிண்டருக்கு எட்டத்தில் வையுங்கள். ஹோஸுக்கு அழகாகத் துணியுறை தைத்து மாட்டுவதும் வேண்டாம். உறை வெடிப்பையும் பல் தடத்தையும் மறைக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

சோப்பு நுரைச் சோதனை

மாதம் ஒருமுறை, ஐந்து நிமிட வேலை. அடுப்பின் எல்லா நாப்களையும் மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறந்து வையுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் ஷாம்பூ கொஞ்சம் கலக்கி நுரை எழுப்புங்கள். பழைய பிரஷால் தொட்டு நான்கு இடங்களில் தடவுங்கள்: வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரும் ஹோஸும் சேரும் இடம், ஹோஸ் அடுப்பில் ஏறும் இடம், நாப்களின் அடி. ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி ஊதி ஊதிப் பெருத்தால் கசிவு. உடனே ரெகுலேட்டரை மூடி ஆளைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

சுடரைப் படிக்க

மஞ்சளில் இரண்டு வகை. ஒன்று ஆச்சி வீட்டில் பார்த்த உப்பு மஞ்சள். பொறிப்பொறியாக வரும், வந்து போகும், பாத்திரத்தில் கரி பிடிக்காது. மற்றது காற்றுப் பற்றாத மஞ்சள். சுடரின் நுனி சோம்பலாக, நீளமாக, நிலையாக மஞ்சளாக நிற்கும், பாத்திரத்தின் அடி கறுக்கும். இது கெட்டது. கேஸ் முழுதாக எரியவில்லை. பணமும் போகிறது, கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது.

காரணம் பெரும்பாலும் மூன்று. பொங்கி வழிந்த கஞ்சியால் பர்னர் துளைகள் அடைந்திருக்கும். கலப்புக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும், ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் குளவி மண்கூடு கட்டியதைக்கூடக் குடைந்து எடுத்திருக்கிறேன். அல்லது யாரோ ஜெட்டில் ஊசி விட்டுத் துளையைப் பெரிதாக்கியிருப்பார்கள். பர்னர் துளையை ஊசியால் குத்தலாம். ஜெட்டைக் குத்தவே கூடாது. அந்த நுண்துளையின் அளவுதான் எத்தனை கேஸ் வரவேண்டும் என்று தீர்மானிக்கிறது.

பித்தளை பர்னரைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் பழக்கம், தவறில்லை. ஆனால் புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்க்கிறோமே, அதை விட்டுவிடுங்கள். தேய்த்த பின் போர் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீரில் அலசிக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். ஸ்டீல் அடுப்புக்கும் துரு வராது என்று நம்ப வேண்டாம். உப்பு அதில் ஊசிமுனைக் குழிகளாக இறங்கும். இரவு வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. அவ்வளவே.

நாப் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாலு நாள் இளகும், பிறகு சூட்டில் அழுக்கோடு சேர்ந்து பிசினாக இறுகும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் வைப்பது மெக்கானிக் வேலை.

கச்சான் அடிக்கும் மாதங்கள்

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலை வாரியடிக்கும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று சிறு தீயில் வைத்த அடுப்பை அணைத்துவிடும். சுடர் போகும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். பால் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கும் பத்து நிமிடம் போதும்.

காற்றுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிடுவதும் பதில் அல்ல. அடுப்புக்கு மூச்சு வேண்டும். மேற்கு ஜன்னலைச் சாத்தி, எதிர்த் திசை ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். தரையை ஒட்டிக் காற்றுப் போக ஒரு வழி இருக்கட்டும், கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் நல்லது. புது அடுப்பு வாங்குகிறவர்கள், சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் கருவி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊருக்கு அது ஆடம்பரம் இல்லை.

பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை நடப்பதும் இந்தக் காற்றுக் காலத்தில்தான். வீடு நிறைய விருந்தாளிகள், இரண்டு அடுப்பும் ஓயாமல் எரியும், பழகாத கைகள் நாப் திருப்பும். கொடியேறுவதற்கு முன் ஒரு நுரைச் சோதனை செய்துவிடுங்கள்.

தோணியிலும் படகிலும்

லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் தோணிகளிலும் கடலுக்குப் போகும் படகுகளிலும் கேஸில் சமைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். வீட்டில் கசிந்த கேஸுக்குக் கதவு உண்டு. படகில் கசிந்தால் அது போய்ச் சேருவது படகின் அடிவயிற்றில். அங்கே வெளியேற வழி இல்லை, எஞ்சினும் பாட்டரியும் அங்கேதான் இருக்கின்றன.

சிலிண்டரை மேல்தளத்தில், கட்டி, நிமிர்த்தி வையுங்கள். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் அடியில் வெளிப்பக்கமாக ஓட்டை இருக்கட்டும். சமைத்து முடித்ததும் நாப் மட்டும் போதாது, ரெகுலேட்டரையும் மூடுங்கள். எஞ்சினைக் கிளப்புமுன் அடித்தளத்தைத் திறந்து காற்றோட்டம் விட்டு, குனிந்து மோந்து பாருங்கள். வீட்டுக்குத் தந்த சிலிண்டரைப் படகுக்குக் கொண்டுபோவது சட்டப்படியும் தவறு. உப்புத் தண்ணீர் நேரடியாகத் தெறிக்கும் இடமாதலால் ஹோஸையும் ரெகுலேட்டரையும் ஆண்டுதோறும் மாற்றுவதே நல்லது.

வெள்ளத்துக்கு முன்னும் பின்னும்

2023 டிசம்பர் 17, 18 நாள்களை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அன்று பலர் வியப்போடு பார்த்த ஒன்று, நிறைந்த சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும் என்பது. வியப்புக்கு இடமில்லை. சிலிண்டரின் உள்ளளவு 33 லிட்டருக்கு மேல், நிறைந்த எடையோ சுமார் 30 கிலோ. மிதக்கும்போது அது ஹோஸையும் அடுப்பையும் சேர்த்து இழுக்கும்.

தண்ணீர் வாசலைத் தொடும்போதே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை உயரத்தில் ஏற்றுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் வடிந்த பின், முங்கிய ரெகுலேட்டரையும் ஹோஸையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். இரண்டையும் மாற்றுங்கள். அடுப்பின் கலப்புக் குழாயில் சேறு இருக்கும், மெக்கானிக் கழற்றிப் பார்க்காமல் பற்றவைக்க வேண்டாம்.

வாடை வந்தால்

1. எரியும் அடுப்பையும் சாமி விளக்கையும் மெழுகுவத்தியையும் அணையுங்கள்.
2. மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். செல்போனை எடுப்பது வெளியே போன பிறகுதான்.
3. ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி மூடியைப் போடுங்கள்.
4. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள். மின்விசிறி போடாமல், விசிறிமட்டையாலோ முறத்தாலோ தரையோடு வீசுங்கள்.
5. வெளியே நின்று 1906-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. தீப்பிடித்தால் 101 அல்லது 112.

வால்விலோ ஹோஸிலோ சிறு தீ எழுந்தால், நனைத்த சாக்கையோ பருத்தித் துணியையோ போர்த்தி ரெகுலேட்டரை மூட முடியும். கை நடுங்கினால், தீ உயர்ந்தால், முயற்சி வேண்டாம். வெளியேறுங்கள். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பதிவான முகவரியில் நடக்கும் விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு உண்டு, அதற்கு நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை.

வாடையில்லாத ஆபத்து

நம் வெக்கையில் வெந்நீர் தேவை குறைவு. ஆனாலும் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டிய வீடுகள் உண்டு. மூடிய சின்னக் குளியலறைக்குள் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றுவது தெரியுமுன் கால் மடங்கிவிடும். கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டரும் அப்படியே.

குளிர்நாட்டில் இந்தப் பயம் அன்றாடம். கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நம் உறவினர்கள் வீட்டில் நிலவறையில் கேஸ் உலை ஒன்று குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஆளை அழைத்துப் பரிசோதிப்பார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியைப் படுக்கையறைகளுக்கு அருகே மாட்டுவதை ஒன்டாரியோ மாகாணம் 2014-இல் கட்டாயமாக்கியது. அவர்கள் வீட்டுக்குக் குழாயில் வரும் இயற்கை வாயு காற்றைவிட லேசானது, நம் சிலிண்டர் வாயு கனமானது. ஆகவே கசிவு காட்டும் கருவி வாங்கினால், அங்கே போல உயரத்தில் மாட்டாமல், தரையிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டுங்கள்.

எப்போது எதைப் பார்ப்பது

தினமும் இரவு: ரெகுலேட்டரை மூடுதல், அடுப்பை நல்ல தண்ணீரால் துடைத்தல்.

மாதம் ஒருமுறை: நுரைச் சோதனை, ஹோஸை வளைத்துப் பார்த்தல், அடிவளையம் பார்த்தல்.

ஆண்டுக்கு ஒருமுறை: மெக்கானிக்கை வைத்து முழுப் பரிசோதனை. அதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் ஏற்றது. விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், கச்சான் தொடங்கும் முன் வேலை முடியும், படகு அடுப்பையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

ஐப்பசி மழைக்கு முன்: சிலிண்டரை உயரத்தில் ஏற்ற இடம் இருக்கிறதா, கட்டக் கயிறு இருக்கிறதா என்று பார்த்தல்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை: ஏஜென்சியின் கட்டாயச் சோதனை. வருபவரிடம் அடையாள அட்டை கேளுங்கள்.

கயிறு யார் கையில்

அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம் 1961-இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தைப் பற்றி இந்தக் கரையில் இன்றும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: முத்துக் குளிப்பவன் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது மச்சானாக இருக்க வேண்டும். தங்கச்சி தாலிக்காகவாவது கண்ணை எடுக்க மாட்டான். படகில் பத்துப் பேர் இருந்தாலும் கயிறு ஒருவன் கையில்தான்.

நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாததால் நடந்தவை அல்ல. மகன் பார்ப்பான் என்று மருமகளும், மருமகள் பார்ப்பாள் என்று மாமியாரும் விட்டதால் நடந்தவை. உங்கள் வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லி அவர் கையில் இந்தக் கயிற்றைக் கொடுங்கள். சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, ஹோஸின் ஆண்டு, சிலிண்டரின் தவணை எழுத்து, கடைசி நுரைச் சோதனைத் தேதி மூன்றையும் அவர் எழுதட்டும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் எழுந்து போய், உங்கள் ஹோஸில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.